கம்பிக் குரோஷா வகுப்பில் சேரப் போகிறீர்களா? ஒரு காந்தத்தோடு போங்கள்

நாகர்கோவிலில் மெல்லிய கம்பியில் குரோஷா (கொக்கி ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னும் வேலை) பின்னி நகை செய்யக் கற்றுத் தருவதாக ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அடுத்து மார்த்தாண்டத்திலும் தொடங்கப் போகிறார்களாம். பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான்கு சனிக்கிழமை, 3,500 ரூபாய். ஊசி, மணி, வெள்ளி முலாம் பூசிய 28 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) செம்புக் கம்பி எல்லாம் அதில் அடக்கம். பின்னிய மாலைகளை அவர்களே விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள். அதை நம்பித்தான் சேர்ந்தேன்.

நூலில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரோஷா வரும். இங்கே முதல் படியான சங்கிலிப் பின்னலே வரவில்லை. கண்ணியை ஊசியில் மாட்டி இழுத்தால் கம்பி திமிறிக்கொண்டு நின்றது. விரல் நுனியெல்லாம் கீறல். "உங்க கை கனம், லேசா பிடிக்கணும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். உடன் இருந்த ஏழு பேருக்கும் அதே பதில்தான். மணிகளை முதலிலேயே கம்பியில் கோர்த்து வைத்துக்கொண்டு, கண்ணிக்கு ஒன்றாகத் தள்ளிப் பின்ன வேண்டும் என்பதையே மூன்றாவது வாரம்தான் சொன்னார். அதுவரை பின்னியதெல்லாம் வீண். நூல் மாதிரி இதைப் பிரித்துத் திரும்பப் பின்ன முடியாது. வளைந்த இடம் விறைத்துப்போய், மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும்.

எப்படியோ முடித்த ஒரு மாலையை மைனி மகள் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்குக் குளச்சல். கடல் காற்று, வியர்வை வேறு. திரும்பி வந்தபோது வெள்ளைச் சுடிதாரின் கழுத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு.

முளகுமூட்டில் இருக்கும் பெரியம்மை அந்த மாலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "செம்புல களிம்புதான் பிடிக்கும் மக்ளே, துரு பிடிக்காது கேட்டியா" என்றார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து மீதிக் கம்பிச் சுருள் மேல் வைத்தேன். சுருள் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. இரும்பு! தக்கலையில் மோட்டார் வைண்டிங் கடையில் அளந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர். அவர்கள் சொன்ன 28 கேஜைவிடத் தடிமன்; பின்னுவதற்கு 0.3 மில்லிமீட்டரே போதும்.

அந்தக் கடையிலேயே மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம் வாங்கிவந்து பின்னினேன். முதல் மாலையே ஒழுங்காக வந்தது. 1820-களில் மிஷனரி மால்ட் அம்மையார் லேஸ் பள்ளி நடத்திய ஊர் நாகர்கோவில். பெரியம்மை லேஸ் பின்னித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்படிப்பட்ட இடத்துப் பெண்களிடம் இரும்பைக் கொடுத்துவிட்டு, "உங்கள் கை சரியில்லை" என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன் பண்ணிக் கேட்டதற்கு, கடலோரத்தில் எந்தக் கம்பியும் துருப்பிடிக்கும் என்றார்கள். மாலைகளை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தரம் பத்தாதாம். அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதலில் கம்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டக் கூடாது. அலுமினியமும் ஒட்டாது, அதனால் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பாக இருந்தால்தான் செம்பு. கேஜ் எண்ணில் இரண்டு மூன்று கணக்கு உண்டு, மில்லிமீட்டரில் சொல்லச் சொல்லுங்கள். திரும்ப வாங்குவோம் என்றால் விலையோடு எழுதிக் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் மீதிக் கம்பியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.