பிக்கப்பின் ஸ்டியரிங் சத்தம்: கிறீஸா, புஷ்ஷா, புது றாக்கா?

பிக்கப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஸ்டியரிங் சத்தம் பேச்சில் வராமல் போகாது. “கராஜிலை குடுத்துச் செய்தது அண்ணை, கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தது, இப்ப திரும்பவும் டக் டக் எண்டுது” என்பதுதான் பெரும்பாலும் கதை. ஒருவர் கிறீஸ் அடித்தால் போதும் என்பார். இன்னொருவர் றாக்கையே, அதாவது ஸ்டியரிங்கின் சுற்றலை இடம் வல அசைவாக்கிச் சில்லைத் திருப்பும் பல்லுத் தண்டுத் தொகுதியையே, மாற்றச் சொல்வார். மூன்றாமவர் கொழும்பில் பாவித்த றாக் மலிவாக எடுக்கலாம் என்று தொலைபேசி இலக்கம் தருவார். மூன்றுமே சில வாகனங்களுக்குச் சரியான வழிதான். எந்த வாகனத்துக்கு எது சரி என்று பார்க்காமல் மலிவானதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போவதால்தான் காசும் போகிறது, சத்தமும் நிற்கிறது இல்லை.

நான் சொல்வது றாக் உள்ள பிக்கப்களைப் பற்றி. ஹைலக்ஸில் வீகோவும் அதற்குப் பிந்தியதும், மிட்சுபிசியில் ட்ரைட்டன் வடிவ எல்200, இந்த வகை. அதற்கு முந்திய 4×4 ஹைலக்ஸ்களில் றாக் கிடையாது, ஸ்டியரிங் பொக்ஸ்தான். அதில் பிட்மன் ஆம், ஐட்லர் ஆம் என்று பார்க்க வேண்டிய இடங்களே வேறு.

இந்தக் கேள்வி இப்போது இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் புது பிக்கப் என்பது பலருக்கு எட்டாத பேச்சு. ஆக, பதினைந்து வருட வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டப் போகிறவர்தான் இதை வாசிப்பார் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கை வெட்டும்போது ‘ஊம்ம்’ என்று முனகினால் அது பம்ப், ஒயில் பக்கத்துக் கதை. ஒயில் குறைந்திருக்கும், அல்லது எங்கோ காற்று இழுக்கும். ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள், நுரை இருந்தால் பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப்பைச் சந்தேகியுங்கள். அந்தப் பக்கம் ஒயில் வெளியே கசியாமலே காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். முழுவதும் வெட்டிப் பிடிக்கும்போது மட்டும் வரும் முனகல் பெரும்பாலும் வழமையானது, அப்படிப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், அவ்வளவுதான். இந்த முனகலுக்கு றாக் மாற்றச் சொன்னால் வேறு கராஜுக்குப் போங்கள்.

இனி நான் பேசப் போவது ‘டக்’ சத்தத்தைப் பற்றி. குண்டும் குழியுமான ஒழுங்கையில் மெதுவாகப் போகும்போது கையில் தட்டும், நிற்கும்போது ஸ்டியரிங்கை இடம் வலமாக ஆட்டினாலும் கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை, இரண்டு பேர் போதும். வண்டியை ஜக்கில் ஏற்றக் கூடாது, சில்லு நாலும் நிலத்தில் பாரத்தோடு நிற்க வேண்டும். தூக்கினால் பாரம் போய், சத்தமும் ஒளிந்துகொள்ளும். ஹான்ட் பிரேக்கை இழுத்து, பின் சில்லுக்குக் கல் வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்றுக்கும் குறைவாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். காதை நம்பாதீர்கள். சேஸி முழுக்க இரும்பு, வலப்பக்கத்துத் தட்டல் இடப்பக்கத்திலும் கேட்கும். உள்ளங்கைக்குத்தான் சரியாகத் தெரியும். தேய்ந்த மூட்டைப் பிடித்ததும் அந்த ‘டக்’ கையிலேயே இடிக்கும்.

அதற்குப் பிறகு ஜக்கில் ஏற்றி, சில்லின் இரண்டு பக்கத்தையும் மணிக்கூட்டின் ஒன்பது, மூன்று நிலையில் பிடித்து ஆட்டினால் ரை றொட் என்டும் (சில்லுப் பக்கத்து மூட்டு) றாக் என்டும் (றாக் பக்கத்து மூட்டு) தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது சில்லு பெயரிங். இதைச் செய்யாமல் “றாக் போட்டுது” என்று சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை. ஸ்டெபிலைசர் லிங்க், கீழ் ஆம் புஷ், கபின் மவுன்ட் ஆகியவற்றின் சத்தமும் ஸ்டியரிங் சத்தம் போலவே ஏமாற்றும்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

கிறீஸ்தான் மலிவானது. எங்கே அடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டியரிங் கொலத்தையும் றாக்கையும் இணைக்கும் நடு ஷாஃப்டில் இரண்டு முனையிலும் யூ ஜொயின்ட் (மடங்கியபடியே சுற்றும் மூட்டு), நடுவில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பகுதி. பிக்கப்பில் கபின் றப்பர் மவுன்டில் சேஸிக்கு மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. குழியில் இறங்கும்போது கபினும் சேஸியும் கொஞ்சம் விலகும், அந்த விலகலைத் தாங்கத்தான் அந்த வழுக்கும் பகுதி. அங்கே கிறீஸ் காய்ந்தால் தட்டும். கிறீஸ் ஏற்றினால் நின்றுவிடும், ஆனால் பல்லு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் சில மாதத்தில் திரும்ப வரும். அமெரிக்காவில் 1999க்குப் பிந்திய செவர்லே சில்வராடோ பிக்கப்களில் இந்தச் சத்தம் பேர்போனது. ஜெனரல் மோட்டர்ஸ் முதலில் ஷாஃப்டுக்குள் கிறீஸ் ஏற்றும் கிட் ஒன்றைத்தான் கராஜ்களுக்குக் கொடுத்தது. பிறகு வடிவத்தைத் திருத்திய ஷாஃப்டையே கொண்டுவந்தது.

ஆகவே என் கணக்கில் கிறீஸ் ஒரு பரிசோதனை. அடித்த பிறகு சத்தம் நின்றால் குற்றம் நடு ஷாஃப்டில் என்று உறுதியாகிவிட்டது. திரும்பி வந்தால் அடுத்த தடவையும் கிறீஸ் அடிக்க வேண்டாம், ஷாஃப்டை மாற்றுங்கள். றாக்கோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. யூ ஜொயின்டில் ஒரு பக்கம் இறுகி, ஸ்டியரிங் சுற்றும்போது ஓரிடத்தில் கட்டையாக வந்தால் கிறீஸ் பேச்சுக்கே இடமில்லை, அன்றே மாற்ற வேண்டும்.

இரண்டாவது வழி, வண்டியின் சொந்த றாக்கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ளவற்றை மாற்றுவது: மவுன்ட் புஷ், றாக் என்ட், ரை றொட் என்ட், பூட் (றாக் என்டை மூடும் றப்பர் உறை). எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். றாக்கை சேஸியோடு பிடித்திருக்கும் றப்பர் புஷ் ஒயில் பட்டு ஊதி இளகினால், ஸ்டியரிங்கை வெட்டும்போது முழு றாக்கும் ஒரு பக்கம் நகர்ந்த பிறகுதான் சில்லு திரும்பும். கண்ணாலேயே பார்க்கலாம். பலர் இந்த நகர்வைப் பார்த்துவிட்டு றாக் தேய்ந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். றாக் நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் றப்பர்தான் போயிருக்கும்.

புஷ்ஷில் றப்பரா, பொலியூரத்தேனா என்று கேட்பார்கள். பொலியூரத்தேன் கடினம், ஒயிலுக்கு அசையாது, நீடித்து நிற்கும். அதற்குப் பதிலாக வீதியின் அதிர்வு கைக்குக் கூடுதலாக வரும், சிலிக்கன் கிறீஸ் பூசாமல் போட்டால் கிறீச்சிடும். பாரம் ஏற்றும் வண்டிக்கு அதைப் போடலாம். குடும்பத்தோடு நெடுந்தூரம் ஓடும் டபுள் கப் என்றால் கொம்பனி றப்பரே நல்லது.

ரை றொட் என்ட் வாங்கும்போது ஜப்பானின் 555 போன்ற பெயருள்ள சாமானையே எடுங்கள். ஆனால் பெட்டியை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், அந்தப் பெயரில் போலியும் ஓடுகிறது. புதுசைக் கையில் பிடித்து போலை (உள்ளே உள்ள உருண்டையை) அசைத்துப் பாருங்கள், எல்லாத் திசையிலும் ஒரே இறுக்கமாக அசைய வேண்டும். போல் தளர்ந்து சொத சொதவென்று ஆடினால் வேண்டாம். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மற்றதும் பின்னால் வரும், சோடியாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம், அதை விட்டால் ரயரின் ஓரம் தின்றுவிடும்.

இந்த வழியில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. றாக்கின் பின்புறத்தில் ஒரு பெரிய நட்டும் ஸ்குரூவும் இருக்கும், உள்ளே பல்லுத் தண்டைப் பினியனோடு (ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றும் சின்னப் பல்லுச் சக்கரம்) அழுத்திப் பிடிப்பது அது. “இதை ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டால் சத்தம் போயிடும்” என்று சில இடங்களில் இறுக்கிவிடுவார்கள். உண்மைதான், போய்விடும். ஆனால் நாம் நேரே ஓடுவதுதான் அதிகம் என்பதால் றாக் நடுப்பல்லில்தான் கூடுதலாகத் தேய்கிறது. நடுவுக்கு ஏற்றபடி இறுக்கினால் ஓரங்களில் இறுகும். வெட்டிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஏ9 வீதியில் லொறிக்கு விலத்தி, வண்டியை நேராக்கும் நேரத்தில் அப்படி இறுகினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இறுக்கிய பிறகு முழு வெட்டிலிருந்து கையை விட்டு ஓட்டிப் பார்க்காமல் வண்டியைப் பொறுப்பெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, பாவித்த றாக். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், இரவு பஸ்ஸில் போட்டால் விடியற்காலை யாழ்ப்பாணம் வந்துவிடும். புதுசைவிட நல்ல மலிவு. அதில் உள்ள உலோகமும் நல்ல உலோகம்தான். பிரச்சினை ஒயில் கசியாமல் அடைக்கும் றப்பர் சீலில். கழற்றி எத்தனை மாதம் கடையில் கிடந்ததோ, உள்ளே றப்பர் காய்ந்திருக்கும். பூட்டிய அன்று ஒன்றும் தெரியாது, பம்பின் அழுத்தம் பட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் கசியும். திருப்பிக் கொடுக்க நானூறு கிலோமீற்றர் அனுப்ப வேண்டும், பூட்டிக் கழற்றிய கூலியை யாரும் தரப்போவதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால், பூட் றப்பரை ஒதுக்கி உள்ளே பாருங்கள். ஒயில் தேங்கியிருந்தால் தொடவே வேண்டாம். மினுங்கும் தண்டை விரல் நகத்தால் தடவுங்கள், எங்காவது தடக்கினால் அது துருப்புள்ளி, புதுச் சீலையும் அரைத்துவிடும். பினியனைக் கையால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுற்றுங்கள், நடுவில் தளர்ந்தால் உங்கள் பழைய றாக்கின் அதே நோய்தான்.

புது றாக் கடைசி வழி. பல் தேய்ந்தது, தண்டு துருப்பிடித்தது, சீல் கிட் போட்டும் கசிகிறது என்று உறுதியான பிறகுதான் இதற்குப் போக வேண்டும். கொம்பனி றாக்கின் விலை பழைய வண்டிக்குக் கட்டுவது கடினம். தாய்வான், சீனத் தயாரிப்புகள் பாதிக்கும் குறைவு, அவற்றில் நல்லதும் உண்டு, ஆறு மாதத்தில் கசிவதும் உண்டு. எழுத்தில் உத்தரவாதம் தரும் கடையில் மட்டும் எடுங்கள். பாவித்த றாக்குக்கும் இதற்கும் இடையில் நின்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இந்த ஒப்பீட்டில் எங்கள் மண்ணையும் சேர்க்க வேண்டும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினமும் ஓடும் வண்டிக்கும், சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிப் பக்கம் போய்வரும் வண்டிக்கும் கடற்காற்று உப்பு தண்டையும் நட்டையும் தின்னும். வலிகாமத்தில் தோட்டத்துக்குள் இறங்கும் வண்டிக்குச் செம்மண். கிழிந்த பூட்டைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கிறீஸும் செம்மண்ணும் சேர்ந்து குரக்கன் களி போலத் திரண்டிருக்கும். விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறக்கும், அந்த நறநறப்புத்தான் றாக் என்டின் போலை அரைப்பது. இருபது நிமிட வேலையான பூட்டை மாற்றாமல் விட்டுத்தான் பல நல்ல றாக்குகள் போகின்றன. கிளிப் இல்லை என்று கட்டுக்கம்பியால் சுற்றிவிடுகிறார்கள், அந்தக் கம்பியே பூட்டை வெட்டும்.

அதனால் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்குப் பாவித்த றாக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சொந்த றாக்கின் தண்டு வழவழப்பாக இருந்தால் சீல் கிட், புஷ், பூட் போட்டுக் காப்பாற்றலாம், துருவென்றால் நேரே புதுசு. தோட்ட வண்டிக்குப் பெரும்பாலும் றாக் என்டும் பூட்டும் போதும். பட்டணத்துக்குள் மட்டும் ஓடும் டபுள் கப்பில் நடு ஷாஃப்டையும் புஷ்ஷையும் பார்க்காமல் றாக் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

றாக்கோ ஷாஃப்டோ கொழும்பில் சொல்லி எடுப்பதென்றால் வண்டியின் பெயரும் வருடமும் போதாது. 2×4க்கும் 4×4க்கும் ஒரே வருடத்திலும் வேறு றாக் வரலாம். சேஸி இலக்கத்தைக் கொடுங்கள், கழற்றிய பழசைப் பினியன் பக்கம் தெரியப் படம் எடுத்து அனுப்புங்கள், பஸ்ஸில் ஏற்ற முதல் கடைக்காரரிடம் அவர் தரும் சாமானின் படத்தையும் கேட்டு இரண்டையும் வைத்துப் பாருங்கள்.