ஆடவிட்டுத் திருத்துவதா, உட்காரவைத்துத் திருத்துவதா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். தடுமாறும் இளம் குவார்ட்டர்பேக், அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் தேற முடியுமா? அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2018-ல் வந்த இருவரைப் பார்த்தால் முடியும் என்றே சொல்வேன். வழிதான் வேறு.

பஃபலோ பில்ஸ் அணி ஜாஷ் ஆலனை ஆடவிட்டது. முதல் ஆண்டு அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் சக வீரர் கைக்குப் போனது. 2020-ல் அது 69.2. இதற்கு அவர் மட்டும் காரணமில்லை என்பதுதான் முக்கியம். எறியும்போது கால் வைக்கும் முறையைத் திருத்திக்கொண்டார், சரி. ஆனால் பிரையன் டேபோல் என்ற ஒரே பயிற்சியாளர் நான்கு ஆண்டுகள் தாக்குதல் ஆட்டத்தை நடத்தினார். 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸும் பந்து பிடிக்க வந்து சேர்ந்தார்.

இன்னொருவரான சாம் டார்னால்டை நியூயார்க் ஜெட்ஸ் அணியும் முதல் ஆண்டே களமிறக்கியது. ஆனால் அடுத்த ஆண்டே தலைமைப் பயிற்சியாளர் மாறினார். மூன்று ஆண்டுகளில் அணி அவரைக் கைவிட்டது. அப்புறம் 2023-ல் சான் பிரான்சிஸ்கோ அணியில் மாற்று வீரராக உட்கார்ந்து கற்றார். 2024-ல் மினசோட்டா அணிக்கு ஆடி 14 வெற்றி, 35 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லையில் புள்ளி தரும் எறிதல்).

எனக்குப் பஃபலோ வழிதான் பிடிக்கும். ஆனால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையும் நிலையான பயிற்சியாளரும் இல்லாத அணி, பையனை உட்காரவைப்பதே நல்லது. அடிவாங்கிப் பழகிய கண், பந்து பிடிப்பவரை விட்டுவிட்டுப் பாய்ந்து வரும் எதிரணி வீரரையே பார்க்கும்.