விண்டோஸ் டெலிவரி ஆப்டிமைசேஷன்: கீழக்கரைப் பக்கத்து லேப்பிலிருந்து

கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி லேப்களைப் பார்த்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வெளியிடும். நமக்கு அது இரவு நேரம், லேப் பூட்டியிருக்கும். புதன் காலை 60 கணினிகளையும் போட்டதும் எல்லாமே அதே ஃபைலைத் தனித்தனியாக இழுக்கும். தலா 1 ஜிபி என்றால்கூட 60 ஜிபி; 100 எம்பிபிஎஸ் இணைய லைனை முழுதாகக் கொடுத்தாலும் 80 நிமிடம். அதுவரை என்பிடெல் பாட வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் பாதியில் அறுந்துபோகும். ஏர்வாடியிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் கணினி கிடையாது. லேப் நேரம் போனால் போனதுதான்.

லைனை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். அதற்கு முன் விண்டோஸிலேயே இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷனை ஒழுங்காக அமைத்துப் பார்த்தோம். பைசா செலவில்லை. ஒரு கணினி இறக்கிய துண்டுகளை மற்றவை லேன் வழியே, அதாவது கல்லூரியின் உள் நெட்வொர்க்கிலேயே, வாங்கிக்கொள்கின்றன. விண்டோஸ் கணினிகளுக்கு விதி வைக்கும் குரூப் பாலிசியில் டவுன்லோட் மோடை 2 (குழுவுக்குள் பகிர்வு) ஆக்கி, எல்லா லேப்புக்கும் ஒரே குரூப் ஐடி கொடுங்கள். கணினிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வழியான டிசிபி 7680 போர்ட் உள்ளுக்குள் திறந்திருக்கட்டும். வகுப்பு நேரத்துக்கு வேக வரம்பும் வைக்கலாம், ஆனால் அந்த வரம்பு கணினிக்குக் கணினி தனி. அறுபதும் சேர்ந்தால் மறுபடி நெரிசல்தான். அதனால் பகிர்வைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இப்போது விண்டோஸ் செட்டிங்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனின் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் பெரும்பங்கு உள் நெட்வொர்க்கிலிருந்தே வந்ததாகக் காட்டுகிறது. புதன்கிழமை காலையிலும் வகுப்பு நடக்கிறது.

ஒன்று கவனியுங்கள். இதில் பாரம் உள் கேபிள்களுக்கு மாறுகிறது. நம் கடற்கரை உப்புக்காற்றில் கனெக்டர் பின்களில் களிம்பு ஏறி, ஜிகாபிட் இணைப்பு சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் பார்த்து, சந்தேகமான கேபிளின் முனையை வெட்டிப் புது கனெக்டரை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்). இதைச் செய்யாமல் மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை.

குறைகளும் உண்டு. 4 ஜிபிக்குக் குறைவாக ராம் உள்ள பழைய கணினிகள் பகிர்வில் சேராது. எந்தக் கணினியிடம் ஃபைல் இருக்கிறது என்பதை டெலிவரி ஆப்டிமைசேஷன் மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது, ஆகவே இணையம் அடியோடு போனால் பயனில்லை. விண்டோஸ் இல்லாத உபுண்டு கணினிகளுக்கு, இறக்கிய ஃபைலைச் சேமித்து வைத்து மற்றவற்றுக்கும் கொடுக்கும் ஏபிடி-கேச்சர்-என்ஜி மென்பொருளைத் தனியாகப் போட்டிருக்கிறோம். அப்புறம், ஹாஸ்டல் ஃபோன்களுக்கு இது உதவாது; அங்கே ரவுட்டரில் ஆளுக்கு இவ்வளவு என்று வேகத்தைப் பிரித்துக் கொடுக்கிறோம்.