அகழிக்கரையில் இன்லைன் ஸ்கேட்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

வேலூரில் தண்ணீர் பார்த்துக்கொண்டே இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் நாலு சக்கரம் வைத்த பூட்ஸ்) ஓட்ட வேண்டுமென்றால் கோட்டை அகழிக்கரைதான். பாலாறு பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. மற்ற நாட்களில் அங்கே தண்ணீரைத் தேடத்தான் வேண்டும்.

கல்லூரி நாளில் சென்னையில் பழகியது. அப்புறம் இருபது வருடம் தொடவே இல்லை. இரண்டு வருடம் முன்பு பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யப் பரண் ஏறியபோது பழைய ஜோடி கிடைத்தது. ஆசையாக மாட்டி வாசலில் நாலடி ஓட்டினேன்; சக்கரம் நமத்துப்போன ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் அப்படித்தான், சும்மா கிடந்தாலும் காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதைத் தின்றுவிடும். பழைய ஸ்கேட் மலிவாக வந்தால் முதலில் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

புதிய ஜோடியில் வந்தது 76 எம்எம் சக்கரம். நடைபாதைக் கல்லின் ஒவ்வொரு இடுக்கும் முழங்காலில் தெரிந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஃப்ரேமில் இடம் இருந்ததால் 80 எம்எம், 84ஏ என்ற கடின அளவில் மாற்றினேன். அதே பாதைதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. நம் ஊர்ப் பாதைக்கு இதைவிடச் சிறிய சக்கரம் வாங்காதீர்கள்.

காலை ஐந்தரைக்குப் போனால் கோட்டை மதில் தண்ணீரில் தலைகீழாக அசையாமல் நிற்கும். எனக்கு அந்த அரைமணி நேரம் போதும். ஆறரைக்கு மேல் நடப்பவர்கள் கூட்டம் வந்துவிடும், அது அவர்கள் நேரம். தினமும் வரும் பெரியவர் ஒருவர் முதல் மாதம் முழுக்க "பாத்துப் போப்பா" என்றார். இப்போது தூரத்தில் பார்த்ததுமே ஓரம் ஒதுங்கி வழி விடுகிறார். கத்திரி வெயிலில் ஏழு மணிக்கே ஸ்கேட் பூட்ஸுக்குள் கால் வெந்துவிடும், அதற்கு வழியே இல்லை.

உண்மையான வேலை பேரிங்கில்தான். ஒரு ஜோடியில் எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டாகப் பதினாறு பேரிங். தூசிக்கு மாதம் ஒருமுறை கழற்றி, மூடியைக் குண்டூசியால் நெம்பி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். ஒரு ஐப்பசி மழையில் நனைந்ததைத் துடைக்காமல் வைத்துவிட்டேன். மூன்றே நாளில் ஐந்து பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டன. சக்கரத்தின் உள்பக்கம் சீக்கிரம் தேயும். அதனால் இடதுகால் சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி, முதலாவதை மூன்றாவது இடத்திலும் இரண்டாவதை நான்காவது இடத்திலும் போடுகிறேன்.

மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள். காய்ந்த வேப்பங்குச்சி ஒன்று முன்சக்கரத்தில் சிக்கி நான் விழுந்த அன்று, காப்பின் பிளாஸ்டிக் பட்டையில் விரல் நீளத்துக்குக் கீறல். உள்ளங்கையில் ஒன்றுமில்லை. அதே காப்பைத்தான் இன்று காலையும் போட்டுக்கொண்டு போனேன்.