மூச்சுப் பயிற்சி என்று சொல்லி 18,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

கை நடுங்குகிறது. இருந்தாலும் இன்றே எழுதிவிடுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீட்டில் இளைப்பு நோயாளி இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் பாலீஷ் பட்டறையில் 25 வருடம் வேலை செய்தவர். பீடியும் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. காலையும் மாலையும் இன்ஹேலர். அதை வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைவரை நடந்து போய்வந்துகொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரியில் ஒரு யோகா மையம். பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே பயிற்சியாளர் அப்பாவை உட்காரவைத்து, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். 91 காட்டியது. முதுகில் கை வைத்து, "அய்யா, நெஞ்சு நிறைய இழுங்கள், மெதுவாக விடுங்கள்" என்றார். ஐந்தாறு மூச்சு. கருவியில் 94. "பார்த்தீர்களா, மருந்தே இல்லாமல்!" என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அந்த இடத்தில்தான் விழுந்தேன். மாந்தோப்புக் குத்தகைப் பணத்திலிருந்து 18,500 ரூபாயை அன்றே எண்ணி வைத்தேன், 45 நாள் பயிற்சிக்கு.

மூன்றாம் நாள், "இன்ஹேலர் பழகிவிடும், அதை விட்டால்தான் நுரையீரல் தானாக வேலை செய்யும்" என்றிருக்கிறார்கள். அப்பா எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் பஸ்திரிகா, அதாவது துருத்தி ஊதுவதுபோல வேகமாக மூச்சு விடுவது. அது முடிந்ததும் மூச்சை உள்ளே அடக்கச் சொன்னார்கள். அப்பாவின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டதுகூட நான்தான்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் விளக்கியபோது என்மேலேயே ஆத்திரம் வந்தது. இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் சிரமம். பழைய காற்று முழுதும் வெளியேறும் முன்னே அடுத்த மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் காற்று தேங்கி இறுகிவிடும். நன்றாக இழுத்துவிட்டால் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் எண் ஏறத்தான் செய்யும், அதனால் நோய் குறைந்துவிட்டது என்று ஆகாது. மூச்சுப் பயிற்சியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் விடும் பயிற்சியை அவரே அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார். மருந்தோடு சேர்த்து.

பணத்தைக் கேட்டுப் போன் செய்தேன். முதல் நாள், "குருஜி வகுப்பில் இருக்கிறார்". இரண்டாம் நாள், "உங்கள் அப்பாவின் உடம்பு பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை அம்மா". நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசீதை விரலால் தட்டிக் காட்டினாள். அடியில் பொடி எழுத்தில் 'நன்கொடை' என்று இருந்தது. நன்கொடையைத் திருப்பித் தருவதில்லையாம். 18,500 ரூபாய் நன்கொடை! நான் எப்போது கொடுத்தேன் நன்கொடை? இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதே இல்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். முடியவில்லை. சுருக்கமாக: இன்ஹேலரை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இளைப்பு உள்ளவருக்கு கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது), பஸ்திரிகா, மூச்சை அடக்குவது எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யவிடாதீர்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் நாளைக் காலையில் அழைக்கப்போகிறேன், 18,500-ஐ விடுவதாக இல்லை.

அப்பாவுக்கு நெபுலைசர் வைக்கும் நேரமாகிவிட்டது, போகிறேன்.