நியூயார்க்கில் ஊர் சுற்ற: கிரீட்டரா, டிப்ஸ் டூரா, லைசென்ஸ் கைடா?

நியூயார்க்கில் கூட வந்து ஊரைக் காட்ட மூன்று விதமான ஆட்கள் உண்டு: பிக் ஆப்பிள் கிரீட்டர் அமைப்பின் தன்னார்வலர்கள், டிப்ஸை நம்பி 'இலவச டூர்' நடத்துபவர்கள் (டிப்ஸ் டூர்), தனியாக அமர்த்தும் லைசென்ஸ் கைடுகள். காசை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

கிரீட்டர் திட்டத்தை 1992இல் தொடங்கியவர் லின் புரூக்ஸ். உள்ளூர்வாசி ஒருவர் உங்கள் குழுவை மட்டும் 2 முதல் 4 மணி நேரம் ஏதாவது ஒரு பேட்டையில் நடத்திக் கூட்டிப் போவார். குழுவில் 6 பேருக்கு மேல் கூடாது. கட்டணமும் இல்லை, டிப்ஸும் இல்லை. நீட்டினால் அவருக்குத்தான் சங்கடம். மனசு கேட்கவில்லையென்றால் அமைப்புக்கு நன்கொடை அனுப்பலாம்.

இதில் சிக்கல், ஆள் கிடைப்பது. ஒரு மாதம் முன்பே இணையத்தில் விண்ணப்பியுங்கள். ஒரே ஒரு தேதியைக் கொடுக்காமல் இரண்டு மூன்று தேதிகள் கொடுங்கள். உங்கள் ஆர்வத்துக்கேற்ப ஆளைப் பொருத்துவதால், 'முக்கியமான இடங்கள் எல்லாம்' என்று எழுதினால் பொருத்த அவர்களுக்குப் பிடி கிடைக்காது. 'குயின்ஸ் கடைத்தெருக்கள், சைவச் சாப்பாடு, முழங்கால் வலியுள்ள அம்மா கூட வருகிறார்' என்று எழுதினால் விஷயம் முடிந்தது. அப்படிக் கேட்டவர்களை 7ஆம் எண் ரயிலில் குயின்ஸ் பகுதியிலுள்ள ஜாக்சன் ஹைட்ஸ் கூட்டிப்போய், அங்கிருந்து ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசையில் முடிக்கலாம். எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, வார இறுதியில் எந்த ரயில் தடம் மாறும் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத் தெரியும். சாதாரண டூரில் இது கிடைக்காது. ஆனால் சுதந்திர தேவி சிலைக்கும் எம்பயர் ஸ்டேட் மாடிக்கும் கிரீட்டரைக் கூப்பிடாதீர்கள். அவருடைய நேரமெல்லாம் வரிசையில் போய்விடும். சிலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதுமென்றால் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி இலவசம், ஒரு வழிக்கு 25 நிமிடம்.

டிப்ஸ் டூர் நேர் எதிர். முந்தின நாள் பதிவு செய்தாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். லோயர் மன்ஹாட்டன் போன்ற இடங்களில் வரலாற்றைக் கோவையாகச் சொல்வார்கள். 'இலவசம்' என்ற பெயரை நம்ப வேண்டாம். அந்த டிப்ஸ்தான் கைடின் கூலி. பதிவான தலைக்கு இவ்வளவு என்று சில பதிவுத் தளங்கள் அவரிடமே கமிஷன் பிடிக்கின்றன. அதனால் வர முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள். ஆளுக்கு 20 டாலர் என்று வைத்தாலே நாலு பேருக்கு 80 ஆகிறது. கூட்டமும் அதிகம், பின்வரிசையில் நின்றால் வாகன இரைச்சலில் பாதி காதில் விழாது.

லைசென்ஸ் கைடை அமர்த்தினால் அரை நாளுக்குப் பல நூறு டாலர் ஆகும், டிப்ஸ் தனி. கட்டணம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுபவர் மாநகராட்சித் தேர்வெழுதி லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். வயதானவர்கள், குழந்தைகள் என்று எட்டுப் பத்துப் பேராகப் போனால் இதுதான் சரி. கிரீட்டர் அத்தனை பேரை ஏற்க மாட்டார். டிப்ஸ் டூர் உங்களுக்காக நின்று காத்திருக்காது. ரெண்டே பேருக்கு இது வீண் செலவு.

நாலைந்து நாள் தங்கும் சிறு குடும்பமென்றால் இரண்டாம் நாள் டிப்ஸ் டூர், மூன்றாம் நாள் கிரீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கிய அன்றே கிரீட்டரை வைத்தால் ஜெட்லாகில் தூங்கி வழிவீர்கள். முந்தின நாள் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் அவரிடம் மறுபடி உறுதி செய்யுங்கள். ஸ்டேஷன் பெயர் மட்டும் போதாது, எந்தத் தெரு மூலை வாசல் என்றும் கேளுங்கள். பெரிய ஸ்டேஷன்களுக்கு ஏகப்பட்ட வாசல்கள். அமெரிக்க சிம் இல்லையென்றால் வாட்ஸ்அப் எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டால் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.