இரண்டு எஞ்சினுக்குத்தான் காசு: நான்கில் எதை வாங்குவது?

பீரோவின் மேல்தட்டில் ஆறு நீலப் பெட்டிகள் இரண்டு வருடமாக எஞ்சின் இல்லாமல் கிடக்கின்றன. ஜப்பானில் 'புளூ டிரெயின்' என்று பெயர் எடுத்த இரவு ரயில்களில் ஓடிய 24 சீரிஸ் படுக்கைப் பெட்டிகளின் மாடல்கள், 'என் கேஜ்' (N) என்ற சின்ன அளவில் செய்தவை. ஒருவர் தன் சேகரிப்பைக் கலைக்கும்போது மலிவாகத் தருகிறார் என்று வாங்கிப்போட்டது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிப்பானா என்பார்கள். நான் அங்குசத்தை வாங்கி வைத்துக்கொண்டு யானைக்கு அலைகிறேன்.

இந்த வருடம் ஒதுக்கியிருக்கும் பணத்தில் இரண்டு எஞ்சின் வாங்கலாம். சுருக்கிச் சுருக்கி நான்கு பெயரில் வந்து நிற்கிறேன். சி62, டி51 இரண்டும் நீராவி. டிடி51 டீசல். இஎஃப்66 மின்சாரம்.

ஜப்பான் ஏன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில் உண்டு. முதல் பதில் இடம். என்னிடம் இருப்பது ஆறடிக்கு மூன்றடி பலகை ஒன்று. பகலில் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஜப்பானிய 'என்' கேஜ் 1:150 அளவு, அதாவது நிஜத்தில் 150-இல் ஒரு பங்கு, தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். இரட்டைப் பாதை போட்டாலும் அந்தப் பலகையில் அடங்கும். இரண்டாவது பதில் விழுப்புரம். அப்பாவுடன் பிளாட்பாரத்தில் நின்று நான் பார்த்த முதல் மின்சார எஞ்சின் யாம்-1. தாம்பரம் - விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதைக்காக 1960களில் ஜப்பானின் மிட்சுபிஷியிலிருந்து வந்தது அது. குறுகலான தண்டவாளத்தில் பெரிய எஞ்சின் ஓடுவதில் ஒரு அழகு உண்டு. அந்த அழகு கண்ணில் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. ஜப்பானின் பழைய பாதைகளும் நம் மீட்டர் கேஜைவிடக் கொஞ்சமே அகலம், 1,067 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1,067-ஐ 150-ஆல் வகுத்தால் 7.1 வரும். ஆனால் மாடல் ஓடுவது 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். அதாவது ஜப்பானிய என் கேஜ் எஞ்சின்கள் எல்லாம் கால் அகட்டி நிற்பவை. நேர் எதிரே குனிந்து பார்த்தால் சக்கரங்கள் வெளியே தள்ளியிருப்பது தெரியும். நிஜத்திலேயே அகலமான பாதையில் ஓடும் ஷிங்கான்சென் புல்லட் ரயில்களின் மாடல்களை மட்டும் 1:160-இல் செய்வதால் அவற்றுக்குக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. இதைப் பார்த்துவிட்டு மனம் கசந்தவர்கள் உண்டு. எனக்குப் பழகிவிட்டது.

எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். சி என்றால் இயங்கு அச்சு, அதாவது எஞ்சின் சக்தி சுழற்றும் சக்கர ஜோடி, மூன்று, டி என்றால் நான்கு, எஃப் என்றால் ஆறு. மின்சார எஞ்சினுக்கு முன்னால் ஒரு இ, டீசலுக்கு முன்னால் ஒரு டி. டி51 நீராவி, டிடி51 டீசல். கடைக்காரரிடம் அவசரத்தில் சொல்லும்போது ஒரு 'டி' விட்டுப்போனால் வேறு எஞ்சின் வந்து சேரும்.

சரி, ஆசையிலிருந்து ஆரம்பிப்போம். ஆசை சி62. 1948, 49-இல் மொத்தமே 49 செய்தார்கள். டி52 சரக்கு எஞ்சின்களின் கொதிகலனை எடுத்து, விரைவு ரயிலுக்கான சக்கரங்களின்மேல் ஏற்றிய உருவம். 1954-இல் சி62 17 என்ற எஞ்சின் கிசோ ஆற்றுப் பாலத்தில் மணிக்கு 129 கிலோமீட்டர் ஓடியது. குறுகிய பாதையில் நீராவிக்கு அது ஒரு சாதனை. கியோட்டோ ரயில்வே மியூசியத்தில் நிற்கும் சி62 2-இன் புகைத்தடுப்புத் தகட்டில் பறக்கும் தகைவிலான் குருவிச் சின்னம் இருக்கும், 'சுபாமே' விரைவு ரயிலின் அடையாளம். இவ்வளவு கதை தெரிந்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நண்பர் ஒருவரிடம் காட்டோ நிறுவனத்தின் சி62 இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி வந்து என் பலகையில் ஓட்டினேன். நிஜத்தில் 1,750 மில்லிமீட்டர் இருக்கும் சக்கரம் இதில் 11.7 மில்லிமீட்டர். அதோடு சேர்த்துக் கட்டிய தண்டுகள் ஊசி கனம்கூட இல்லை. மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு தண்டும் தனித்தனியாக முன்னும் பின்னும் போவதைப் பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கன்னம் பலகையில் படும்படி படுத்துப் பார்த்தேன். நேர்ப்பாதையில் வரும்போது சொக்கிப்போனேன். வளைவில்தான் ஏமாற்றம். எஞ்சினின் மூக்கு தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகிறது, அடியில் சின்னச் சக்கரங்கள் வேறு பக்கம் திரும்புகின்றன. ஓடுகிறது, ஆனால் பார்க்கப் பரிதாபம். இந்த எஞ்சினுக்கு அகன்ற வளைவு வேண்டும். என் பலகையின் அகலமோ மூன்றடிதான்.

அப்புறம் பெட்டி. சி62-இன் பின்னால் என் நீலப் பெட்டிகளை மாட்டினால், பட்டுவேட்டிக்கு மேலே டி-ஷர்ட் போட்டதுபோல் இருக்கும். அதற்கென்று பழைய காலத்துப் பழுப்பு நிற விரைவுப் பெட்டிகள் வாங்க வேண்டும். எஞ்சின் விலையைவிடப் பெட்டிகளின் விலை கூடுதல். "பெட்டி வாங்கியாச்சுன்னு எஞ்சின், எஞ்சின் வாங்கியாச்சுன்னு இன்னும் பெட்டி. இது எங்க போய் முடியும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: எஞ்சினுக்கு எஞ்சினை ஒப்பிடக்கூடாது. எஞ்சினோடு அதன் வாலையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

வால் என்றால் டிடி51-தான் மோசம். விலை நீராவி எஞ்சினில் பாதி அளவுதான் என்று ஆசை காட்டும். நடுவில் ஓட்டுநர் அறை, இரண்டு பக்கமும் நீண்ட மூக்கு, ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு வெள்ளைக் கோடு. 1962 முதல் 1978 வரை 649 செய்தார்கள். ஜப்பானில் நீராவியை வேலையிலிருந்து அனுப்பியதில் இதற்குப் பெரிய பங்கு. என் நீலப் பெட்டிகளுக்கும் பொருந்தும், ஏனென்றால் டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து சப்போரோ போன 'ஹொக்குதோசெய்' ரயில் 24 சீரிஸ் பெட்டிகளில்தான் ஓடியது. சப்போரோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் அதை இழுத்தது நீல வண்ணத்தில் தங்க நிறக் கோடு போட்ட டிடி51. ஒன்றல்ல, இரண்டு, ஒன்றின் பின் ஒன்றாக.

கணக்கு அங்கே ஆரம்பிக்கிறது. ஒரு டிடி51 வாங்கினால் இன்னொன்று வேண்டும். அது ஹகோடாதேவிலிருந்து சப்போரோ வரைக்கும்தான். அவோமோரியிலிருந்து ஹகோடாதே வரை, 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கம் வழியாக, இழுத்தது இடி79. அதற்குத் தெற்கே இஎஃப்81. 1988-இல் சுரங்கம் திறந்தபோது தொடங்கி 2015-இல் நின்றுபோன ஒரே ஒரு ரயிலுக்காக நான்கு எஞ்சின். இந்த வலையில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நான் விழ மாட்டேன். குறைந்தபட்சம் இந்த வருடம்.

சிவப்பு டிடி51 ஒன்றே ஒன்று வாங்கிச் சரக்கு இழுக்க விடலாமே என்றால், விடலாம். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. சக்கரத்தில் தண்டு கிடையாது, அசையும் பாகம் கிடையாது. இது ரசனை விஷயம், வாதத்துக்கு வர மாட்டேன்.

இஎஃப்66-க்கு வருகிறேன். இதன் பிறப்பு சரக்கு ரயிலுக்காக. 1,000 டன் சரக்கை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும் என்று 1968 முதல் செய்தார்கள். சக்தி 3,900 கிலோவாட். ஆனால் முகத்தைப் பாருங்கள்: உயரமான ஓட்டுநர் அறை, நடுவில் முன்தள்ளிய மூக்கு, குறுக்கே பளபளக்கும் பட்டைகள். மூட்டை தூக்கும் வேலைக்குக் கதாநாயகன் முகம். பதினேழு வருடம் சரக்கே இழுத்தது. 1985-இல் 'ஹயபுசா' இரவு ரயிலில் பயணிகள் உட்கார்ந்து பேச ஒரு கூடப் பெட்டி சேர்த்தார்கள். எடை கூடியது, அதுவரை இழுத்த இஎஃப்65-ஆல் முடியவில்லை. அப்போதுதான் இஎஃப்66-க்கு அந்த வேடம் கிடைத்தது. 2009 மார்ச்சில் 'ஃபுஜி', 'ஹயபுசா' இரண்டும் நிற்கும்வரை அதை விடவில்லை.

ஆக, இந்த ஒரே எஞ்சின் என் நீலப் பெட்டிகளையும் இழுக்கும், டப்பாவில் கிடக்கும் சரக்கு வண்டிகளையும் இழுக்கும். இரண்டும் சரித்திரப்படி சரி. வாலே இல்லாத யானை. நீளம் 12 சென்டிமீட்டர்தான். அடியில் சக்கரங்களைத் தாங்கும் மூன்று வண்டிச் சட்டங்கள், முன்னும் பின்னும் இருப்பவைக்குத்தான் மோட்டார், நடுவில் இருப்பது சும்மா நகர்ந்து கொடுக்கும். அதனால் என் குறுகிய வளைவிலும் சங்கடமில்லாமல் திரும்புகிறது. முழு நீள ரயில் மட்டும் கனவு. 15 பெட்டி மாட்டினால் இரண்டு மீட்டருக்கு மேல் போகும், பலகையே 1.83 மீட்டர். ஆறு பெட்டியோடு நிறுத்திக்கொண்டால் கண்ணுக்கு உறுத்தாது.

இதில் எந்த நிறுவனத்தின் மாடல், காட்டோவா, டோமிக்ஸா என்று ஒரு உள்சண்டை உண்டு. ஓட்டத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டோமிக்ஸ் வாங்கினால் கைப்பிடி, விசில், ஆன்டெனா என்று நாமே பொருத்த வேண்டியவை அதிகம். நம்பர் பிளேட் இரண்டிலுமே நாம்தான் ஒட்ட வேண்டும். ஒரு பிளேட் அரைகுறை அரிசிமணி அளவு. போன முறை ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்து மொசைக் தரையில் விழுந்தது. மொசைக் தரையில் கறுப்புப் புள்ளியைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மூன்றாம் நாள் துடைப்பத்தில் கிடைத்தது. வயது ஐம்பத்திரண்டு, கை கொஞ்சம் நடுங்குகிறது. என் ஓட்டு காட்டோவுக்கு.

முதல் இடம் இஎஃப்66 என்று முடிவாகிவிட்டது. இரண்டாவதற்கு டி51.

சி62-இன் பக்கத்தில் நிறுத்தினால் டி51 உழைப்பாளி. சக்கரம் 1,400 மில்லிமீட்டர், மாடலில் 9.3. சரக்கு எஞ்சின், அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் 1936-லிருந்து 1945 வரை 1,115 செய்தார்கள். ஜப்பானில் எந்த ரக எஞ்சினும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 'தேகோயிச்சி' என்ற செல்லப்பெயர் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலை, சமவெளி, பனி, எல்லா இடத்திலும் ஓடியது. சரக்கு வண்டிகளும் பயணிகள் பெட்டிகளும் இழுத்தது. எனவே எந்தச் சரக்கு வண்டியை மாட்டினாலும் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கும் டப்பாவே போதும். வளைவிலும் சி62 அளவுக்கு மூக்கு நீட்டாது.

ஆரம்பத்தில் செய்த 95 டி51-களில் புகைபோக்கியிலிருந்து பின்னால் வரை முதுகில் ஒரே நீள மூடி இருக்கும். அந்த உருவத்தைப் பார்த்து 'நமெகுஜி', அதாவது ஓடில்லாத நத்தை, என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதுதான் வேண்டும். இன்றும் நிஜப் பாதையில் ஓடும் டி51 498-ஐப் பலர் விரும்புவார்கள், அது வழக்கமான உருவம். நத்தையின் அசிங்கத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

நீராவி மாடல்களின் குறை ஒன்றை மறைக்கக்கூடாது. டீசல், மின்சார மாடல்களில் அநேகமாக எல்லாச் சக்கரமும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும், எடையும் கூடுதல். நீராவி மாடலில் பிடிப்புக்காகச் சில சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள், அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் தண்டவாளத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். இஎஃப்66 அதைத் தாண்டிப் போய்விடும். நீராவி எஞ்சின் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று ஒருமுறை விளக்கைச் சிமிட்டும், விரலால் தள்ளிவிட வேண்டும். ஓட்டும் முன் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பழைய பனியன் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தால் சரியாகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இரண்டாவதாக டிடி51 வாங்குவதே மேல்.

முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அப்படியே நம் பிளக்கில் செருகக்கூடாது. எஞ்சினுக்குத் தேவை 12 வோல்ட் நேர்மின்சாரம், அதற்கு இங்கே பொருந்தும் அடாப்டர் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 230-இல் செருகி, எஞ்சின் விடாத புகையைப் பெட்டியிலிருந்து வரவழைத்தார்.

இன்னொன்று, இந்த மாடல்கள் தொடர்ந்து கிடைப்பவை அல்ல. ஒரு தடவை செய்து விற்றுத் தீர்த்தால், அடுத்த தடவை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். நான் கேட்ட இடத்தில் இஎஃப்66 கையில் இருக்கிறது, நத்தை டி51 இல்லை. பழையது ஒன்று ஏலத்தில் வந்தது, தண்டு ஒன்று வளைந்திருந்தது, விட்டுவிட்டேன். இஎஃப்66-க்குப் பணம் அனுப்பியாகிவிட்டது. டி51-க்கான பணத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டு, நீலப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கவரின் மேலே பெரிதாக 'டி51' என்று எழுதியிருக்கிறேன், ஒரு 'டி'தான்.